கொளுத்தா, முடிச்சா

பின்னே என்னக்கா, மீனா பிடிச்சாவ? ஒருத்தர ஒருத்தர் பிடிச்சிட்டுல்லா வந்து நிக்காவ! அந்தத் திரைக்கு அடியில பாருங்க... ரெண்டு சோடிக் காலு தெரியுதா? நனைஞ்ச வேட்டி எங்க வீட்டுக்காரவிய. காப்பிக்கலர் பேண்டு என் தம்பி. பத்து மாசமா ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்காத சென்மங்க... இன்னிக்கு என்னடான்னா கையோட கை கோத்துக்கிட்டு, மணவறையச் சுத்துத பொண்ணு மாப்பிள்ள மாதிரி ஆஸ்பத்திரிப் படியேறி வாராவ! நடுவுல ஒரு பிளாஸ்டிக் மீனு. வயித்து முள்ளு அவிய உள்ளங்கையில, வால் முள்ளு இவன் உள்ளங்கையில. வாசல்ல நிக்க வாட்ச்மேன் கேக்கான், "எந்தா அம்மே, ரண்டு பேர்க்கும் பிராந்தா?"ன்னு, பைத்தியமான்னு. நான் என்ன சொல்லதுக்கு? "இல்ல சாரே, அளியன்மாராக்கும், அத்தானும் மச்சினனும்"ன்னேன். "ஓ, அப்படியா"ன்னு வழிய விட்டுட்டான்.

எதுக்கு எந்திரிக்கீங்க? உக்காருங்க. டோக்கனெல்லாம் கூப்பிடுவாவ, நான் பாத்துச் சொல்லுதேன். நீங்க எங்கேருந்து? பொன்முடியா! எஸ்டேட்டா? எம்மா, அந்த வளைவெல்லாம் இறங்கியா வந்தீங்க! சரி சரி, பேசாதீங்க, இருமல் கூடும். இந்தா, பிளாஸ்குல வெந்நி இருக்கு. குடிச்சுக்கிட்டே கேளுங்க.

எங்க வீட்டுக்காரவிய தம்பானூர்ல ஒரு ஓட்டல்ல சரக்கு மாஸ்டரு. போண்டா, பழம்பொரி, மிச்சரு, லட்டு, எல்லாம் அவிய கைதான். தாணுமாலையன் மாஸ்டருன்னா... பாத்தீங்களா, பேர வாயால சொல்லிட்டேன், ஆத்திரத்துல! செவ்வாக்கிழம லீவு. லீவுன்னா மனுசன் என்ன செய்யணும்? ரேசன் கடைக்குப் போணும், ஒழுகுத ஓட்ட மாத்தணும், பொண்டாட்டிகிட்ட உக்காந்து நாலு வார்த்த பேசணும். அவிய தூண்டிலத் தூக்கிக்கிட்டு வேளிப் பொழிக்குப் போயிருவாவ. காயல் போய்க் கடல்ல விழுமே, அந்த எடம். போட்டும், நான் ஒண்ணும் சொன்னதில்ல. ஒரு மூங்கில் கம்பு, ஒரு முள்ளு, ரெண்டு எறாலு. கிடைச்சா நாலு கரிமீன், இல்லன்னா வெறுங்கை. வீட்டுக்கு ஒரு தொந்தரவு இல்ல.

என் தம்பி வன்னியராசு மஸ்கட் வேலைய விட்டுட்டு வந்து கரமனையில குடியேறுனான். வந்தது வினை.

ஊர்ல எல்லாப் பேரும் கல்ஃப்லேருந்து என்னக்கா கொண்டு வாரான்? சேல, சென்ட்டு, கோடாலித் தைலம், டேப் ரிக்கார்டரு. இவனும் கொண்டாந்தான், இல்லேங்கல. அத்தானுக்கு ஒரு வாட்ச்சு. தங்க முலாம் போட்டது. அதோட நிறுத்தியிருந்தா நான் ஏன் இந்தப் பெஞ்சியில உக்காந்திருக்கேன்? ஒரு நீளக் கம்பு, அதுல ஒரு சக்கரம், ஒரு பெட்டி நெறைய பொய்மீனு! கண்ணு உண்டு, செதில் உண்டு, வாலு உண்டு. கீழ மூணு கூரு வச்ச முள்ளு ரெண்டு எடத்துல தொங்குது. "அக்கா, இத வீசி எறிஞ்சு சுத்தி இழுத்தா நெச மீன் மாதிரி நீந்தும். பெரிய மீன் வந்து கவ்வும்"ங்கான். "ஏலே, கடல் பூரா நெச மீன் கிடக்கையில அது எதுக்குலே பிளாஸ்டிக்கத் திங்க வருது?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டான்.

பெட்டிக்குள்ள ஒரு சின்ன டப்பா. அதுலதான் சனியன் இருந்துச்சு. ஸ்நாப்புங்கான். கொளுத்துதான், வேற என்ன? நம்ம சேப்டி பின் இருக்குல்லா, அத எறும்பளவு சுருக்குனா எப்பிடி இருக்கும், அது. தூண்டில்ல சுத்துன தங்கூஸ் நரம்பு நுனியில அதக் கட்டிவச்சிட்டா, பொய்மீன டக்குனு மாட்டலாம், டக்குனு கழத்தலாம். செவப்பு மீன மீன் சீந்தலியா, கழத்து, பச்சைய மாட்டு. அவிய அத வாங்கி வெளிச்சத்துல பிடிச்சு, ரவையில வண்டு இருக்கான்னு பாக்க மாதிரி பாத்தாவ. பாத்துட்டு ஒரே ஒரு வார்த்த கேட்டாவ. "இது எதுக்குடே? முடிச்சு போட்டா போதாதா?"

அன்னிக்கு ஆரம்பிச்சதுக்கா.

சோத்துல கை வச்சா அதே பேச்சு. "இரும்பு தண்ணியில மின்னும்டே, மீனு கண்டுக்கிடும்"பாவ இவிய. "ஒவ்வொரு தடவையும் வெட்டி வெட்டிக் கட்டுனா நரம்பு கட்டையாப் போயிரும் அத்தான்"பான் அவன். "பெரிய மீன் ஒரு முறுக்கு முறுக்குனா உன் கொளுத்து வாயப் பொளந்துரும்." "நீங்க முடிச்ச எச்சி தொட்டு இறுக்கி முடிக்கதுக்குள்ள மீனு கொல்லம் போய்ச் சேந்துரும்." "முடிச்சுல ஒரு கண்ணு விட்டுக் கட்டுனா பொய்மீனு தாராளமா ஆடும்." "கொளுத்துல ஆடாதா?" இதுக்கு இடையில நான் கொழம்பு ஊத்தணும், எவனும் பாக்க மாட்டான், எலையிலயா ஊத்துதேன் தரையிலயா ஊத்துதேன்னு!

என் வீட்ட வந்து பாக்கணும் நீங்க. சன்னல் கம்பி பூரா முடிச்சு. கொடிக்கயித்துல முடிச்சு. கருவேப்பிலக் கட்ட அவுக்க முடியாம அருவாமனையில வச்சு அறுக்கேன். இந்தப் பக்கம் இவன் வந்தான்னா டார்ச் லைட்டுல கொளுத்து, சாவிக்கொத்துல கொளுத்து. எம் மவ பூமாரி கொலுசுல திருகாணி போச்சுன்னு அழுதா, அதுலயும் ஒரு கொளுத்து. நான் ஒருநாள் கேட்டேன். "ஏலே, அந்தக் கொளுத்த நரம்புல எதவச்சுலே சேப்ப?" "முடிச்சு போட்டுத்தான்"ன்னான். "அப்ப ரெண்டுந்தானல வேணும்? எதுக்குலே சண்ட?"ன்னேன். ரெண்டு பேரும் ஒண்ணாத் திரும்பி என்னப் பாத்தாவ பாருங்க... "உனக்கு ஒண்ணும் தெரியாது, போய் அப்பளத்தப் பொரி"ன்னாவ. அந்த ஒரு விசயத்துலதான் ரெண்டு பேருக்கும் ஒத்துமை.

என்னக்கா? உங்க நம்பரக் கூப்பிட்டுட்டாவளா? எப்பம்? நான் கவனிக்கலியே... சரி விடுங்க, அந்த நர்சம்மா தமிழ்ப் பொண்ணுதான், விஜயலக்ஷ்மின்னு பேரு, நான் சொல்லி உள்ள விடச் சொல்லுதேன். இப்பம் போனாலும் டாக்டர் இந்த ரெண்டு பேரோடதான மல்லுக்கட்டிட்டு இருக்காரு.

ஐப்பசி மாசம். மழ பெஞ்சு பொழி மணல்மேடு உடைஞ்சு காயல் கடல்ல பாயுது. அன்னிக்கு என்னமோ ரெண்டு பேருக்கும் நல்ல புத்தி. கொளுத்து இவனுது, அத நரம்புல கட்டுன முடிச்சு அவியளுது. சமாதான உடன்படிக்கை! இவன் வீசியிருக்கான். ஒரு காளாஞ்சி... நம்ம ஊர்ல கொடுவாம்போமே... வந்து ஒரு அடி அடிச்சிருக்கு. கம்பு வில்லா வளைஞ்சுட்டாம். "இழுடே, விடுடே, இழுடே"ன்னு அவிய கத்த, இவன் இடுப்புத் தண்ணியில எறங்கி ஓட... கரைக்கு வந்து வெள்ளையா வயித்தக் காட்டுச்சாம். காட்டிட்டு ஒரு திருப்பு திருப்பிச்சாம். அவ்வளவுதான். நாய் நக்குன எல மாதிரி வெறும் நரம்பு வந்துச்சு. பொய்மீனுமில்ல, கொளுத்துமில்ல.

"நுனி சுருண்டிருக்கு, உங்க முடிச்சுதான் வழுக்கிட்டு"ன்னான் இவன். "சுருளலடே, வெட்டுப்பட்டிருக்கு. உன் கொளுத்து வளையந்தான் நரம்ப அறுத்துட்டு"ன்னாவ அவிய. சரி, அந்த நுனியப் பத்திரமா கொண்டாந்திருந்தா தெரிஞ்சவன் ஒருத்தன் பாத்துச் சொல்லியிருப்பாம்லா? ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுத்து அந்த நுனியையும் அத்துப் போட்டுட்டாவ!

அதுக்கப்புறம் பேசுனதெல்லாம் மீனப் பத்தியாக்கா? "உங்க முடிச்சு உங்க போண்டா மாதிரி, தொட்டா பிஞ்சிரும்"ன்னான் இவன். சரக்கு மாஸ்டரப் பாத்து இப்பிடிச் சொல்லலாமா? அவிய விட்டாவளா? "நாலு வருசத்துல மூணு கம்பெனி மாறுனவன், நீ கொளுத்துக்காரந்தானடே"ன்னாவ. "நீங்க கலியாணம் ஆன நாள்லேருந்து ஒரே அடுப்புல கட்டிப்போட்ட மாடு"ன்னான். அவிய கையில கிடந்த வாட்ச்சக் கழத்தி மணல்ல வச்சுட்டு நடந்துட்டாவ. இவன் எடுத்திருக்கணும்லா? "குடுத்தத எடுக்க மாட்டேன்"னு இவனும் வந்துட்டான். தங்க முலாம் வாட்ச்சு மணல்லயே கிடக்கு! கடலுக்கு எதுக்குக்கா வாட்ச்சு? அதுக்கு என்ன, ஓட்டலுக்கு நேரமாயிட்டுதா?

அன்னியிலேருந்து இவிய கரமனைப் பக்கம் போகல, அவன் எங்க வாசப்படி ஏறல. அந்த மீன் மட்டும் வளந்துக்கிட்டே இருக்கு. மொதல்ல கை நீளம். தீவாளிக்கு இடுப்பு ஒசரம். பொங்கலுக்கு ஓட்டல்ல சொல்லுதாவ, "எம் மவ பூமாரி ஒசரம்"ன்னு. எம் மவளுக்கு மாப்பிள்ள பாக்கையில இப்பிடியா ஒப்பிட்டுப் பேசுவாவ?

ஆமாக்கா, கலியாணம். வாற வியாழக்கிழம. பையன் நாகர்கோயில், பஸ் கம்பெனியில வேல, நல்ல பையன். அம்மா பார்வதியம்மாள்தான் கொஞ்சம்... எல்லாத்தையும் பாக்கும். நிச்சயத்தன்னிக்கு வந்து சபையில கேக்கா, "பொண்ணுக்குத் தாய்மாமன் எங்க?"ன்னு. என் நாக்குல என்ன இருந்துச்சோ, "மஸ்கட்ல இருக்கான், லீவு கிடைக்கல"ன்னுட்டேன். பொம்பள நம்பிட்டா. வெத்தல மாத்திட்டு, தம்பானூர்ல நாகர்கோயில் பஸ்ல ஏறியிருக்கா. கூட்டம். ஒரு பையன் எந்திரிச்சு எடம் குடுத்திருக்கான். "உக்காருங்கம்மா"ன்னு. நல்ல பிள்ளையா இருக்கானேன்னு இந்தம்மா பேச்சு குடுத்திருக்கு. அவன் சொல்லியிருக்கான், "மனசு சரியில்லம்மா. இன்னிக்கு எங்க அக்கா மவளுக்கு நிச்சயம். ஒரு மீனு விசயமாப் போகாம இருந்துட்டேன்"ன்னு. வேற யாரு, என் தம்பிதான்! பூராக் கதையும்! நெய்யாற்றின்கரை வருத வரைக்கும்! யாருன்னு தெரியாத ஆளுகிட்ட வீட்டு விசயத்த இப்பிடியாக்கா கொட்டுவாவ? எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இந்த வாய்தான் கேடு. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது, பாத்துக்கிடுங்க.

மறுவாரம் ஆள் வந்துட்டு. "தாய்மாமன் மால எடுத்துக் குடுக்காம எங்க வீட்டுப் பையன் தாலி எடுக்க மாட்டான். ஒரு மீனுக்காக உறவ அத்துப்போட்ட வீட்டுல நாளைக்கு எதுக்கெல்லாம் அத்துப்போடுவாவளோ"ன்னு. நெசந்தான அது? பூமாரி ஒரு வாய் சோறு திங்கல. சொவரப் பாத்து உக்காந்திருக்கா. நான் அவியகிட்ட அழுதேன். "அவன் வந்து முடிச்சுதான் சரின்னு ஒரு வார்த்த சொல்லட்டும்"ங்காவ. தம்பிகிட்டப் போய் அழுதேன். "அத்தான் கொளுத்துதான் சரின்னு சொல்லட்டும், நான் தோள்லயே தூக்கிட்டு வாரேன் பூமாரிய"ங்கான். எம் மவ வாழ்க்க ஒரு எறும்பளவு இரும்புல தொங்குதுக்கா! ஆம்பளையளா இவிய? சொல்லுங்க!

...கொஞ்சம் இப்பிடி கிட்ட வாங்க. அந்த அட்டெண்டர் பயலுக்குத் தமிழ் தெரியும், காது வச்சிருக்கான்.

நான் ஒண்ணும் பெரிசாச் செய்யலக்கா. தம்பிகிட்டப் போய்ச் சொன்னேன், "அத்தான் ரொம்ப வருத்தப்படுதாவடா, கொளுத்துதான் சரின்னு இப்பம் தெரிஞ்சுபோச்சாம். உன்னப் பாத்துச் சொல்லணும்னு செவ்வாக்கிழம காலையில பொழிக்கு வாராவ. நீயாக் கேட்டுராத, அவியளே சொல்லுவாவ, வெக்கப்படுத மனுசன்"ன்னு. வீட்டுக்கு வந்து இவியகிட்டச் சொன்னேன், "எந்தம்பி கண்ணீர் விட்டு அழுதான், முடிச்சுதான் சரியாம், பொழியில வந்து உங்க காலத் தொட்டுச் சொல்லப் போறான். நீங்க வாயத் தொறக்காதீங்க, அவனாச் சொல்லட்டும்"ன்னு. அவ்வளவுதான்! ஒரு கலியாணத்துக்காக ரெண்டே ரெண்டு பொய். ஆயிரம் சொல்லலாங்காவ, நான் மிச்சம் வச்சிருக்கேன்.

ரெண்டு பேரும் போயிருக்காவ. என்ன மரியாத! "சொகமா அத்தான்?" "இருக்கேன்டே, நீ எப்பிடி?" அதுக்கப்புறம் பக்கத்துல பக்கத்துல நின்னுக்கிட்டு கடலப் பாக்காவ. அவிய ஒரு சிரிப்புச் சிரிக்காவ, இவன் ஒரு சிரிப்புச் சிரிக்கான். ரெண்டு பேரும் மன்னிக்கத் தயாரா வந்திருக்காவ, மன்னிப்பு கேக்கத்தான் ஆளில்ல! பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு அவிய பெருந்தன்மையா, "சரிடே, விடு, மனசுல வச்சுக்கிடாத"ன்னுருக்காவ. இவன் திரும்பிப் பாத்து, "அத நான்லா அத்தான் சொல்லணும்?"ன்னுருக்கான்.

முடிஞ்சுது. இவன் பொய்மீனக் கொளுத்துல மாட்டிக் காட்டுதான், "இதுல என்ன குத்தம், சொல்லுங்க!" அவிய அதப் பறிக்காவ, "கொண்டா இங்க, நான் கட்டிக் காட்டுதேன்!" இவன் விடல. அவியளும் விடல. மூணு கூரு முள்ளுக்கு அத்தான் தெரியுமா, மச்சினன் தெரியுமா? நுனியில எதிர்க்கொக்கி வச்ச முள்ளு, உள்ள போவும், வெளிய வராது. கையக் கையப் பிடிச்ச மாதிரி நின்னுட்டாவ.

ஆட்டோ பிடிச்சு நேரா வீட்டு வாசல்ல வந்து எறங்காம உக்காந்திருக்காவ, என்னையும் ஏத்திக்கிட்டு இங்க வர. வழி பூரா கேளுங்க, "பாத்திங்களா அத்தான், கொளுத்துங்கதால கழத்திட்டு வந்தோம். உங்க முடிச்சா இருந்தா கம்பையும் ஆட்டோவுல ஏத்தணும்!" "ஏன், என் மடியில கத்தி இல்லியாக்கும்?" கை ரெண்டும் வீங்கிக் கெடக்கு, வாய் ஓயல! இதுல எனக்கு வேற பாடு. "அக்கா, நீ சொன்னியே..."ன்னு இவன் தொடங்குனா, "அய்யோ ரத்தம்!"னு நான் அலறுதேன். "ஏ, நீ தான சொன்ன..."ன்னு அவிய தொடங்குனா, "அய்யோ, பள்ளம், பாத்துப் போப்பா!"ங்கேன். ஆட்டோக்காரன் என்னத்தான் பைத்தியம்னு நெனச்சிருப்பான்.

இங்க வந்ததும் ரெண்டு பேரையும் ஒண்ணா உள்ள கொண்டு போயிட்டாவ. என்ன விடல. அதுதான் பயமா இருக்கு. வாயடைக்க ஆளில்லாம உள்ள ரெண்டு பேரும் தனியா...

ஸ்... கேளுங்க. டாக்டர் பேசுதாரு. ஸ்ரீகண்டன் டாக்டரு, அவரும் வேளியில தூண்டில் போடுத ஆளாம்! விளங்குனாப்புலதான்! என்ன சொல்லுதாரு... "இதொந்நும் வேண்டடோ... பிளாஸ்டிக் மீனும் வேண்ட, ஸ்நாப்பும் வேண்ட. ஜீவனுள்ள கொஞ்சு! அது கோர்த்திட்டால் மதி!" உயிரோட இருக்க எறாலக் கோத்துப் போட்டாப் போதுமாம். ஆமா, பொய்மீனு போடுதவன் மடையனாம்! சிரிக்காரு.

அந்தா... எங்க வீட்டுக்காரவிய. "என்ன சார் இப்பிடிச் சொல்லுதீங்க? இந்த மீனு தண்ணியில நீந்துத அழக நீங்க பாத்திருக்கேளா?" கேட்டீங்களா, கேட்டீங்களா? இவன்... "அத்தான் சொல்லுததுதான் சார் சரி! எறாலு சின்னப் பிள்ளைய போடுதது. அத்தான் கையால கட்டுன ஒரு முடிச்சப் பாத்தா நீங்க இப்பிடிப் பேச மாட்டிய!" "அது மட்டுமில்ல சார், என் மச்சினன் மஸ்கட்லேருந்து கொண்டாந்த கொளுத்து, எங்கயும் கிடைக்காது..."

அக்கா... அத்தான் சொல்லுததுதான் சரின்னு சொல்லிட்டான். என் மச்சினன்னு பெருமையாச் சொல்லிட்டாவ. பத்து மாசம் கழிச்சு... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, கண்ணுல என்னமோ விழுந்துட்டு. அந்த டாக்டரு மவராசன் நல்லா இருக்கணும். இன்னும் நாலு வார்த்த திட்டட்டும் ரெண்டு பேரையும். பூமாரிகிட்ட ஓடிப்போய்ச் சொல்லணும் போல இருக்கு, "எந்திரிடி, சாப்பிடு"ன்னு...

பெரிய சத்தமா ஒரு கத்தல்... முள்ள எடுத்துட்டாவ போல. இப்பம் மெதுவா என்னமோ பேசுதாவளே? என்னது?

"நீங்கதான அத்தான் கொளுத்து சரின்னு அக்காகிட்ட..." அய்யோ. "நானா? நீதான அழுதன்னு..." அய்யய்யோ. "யாரு, நானா? நான் எங்க அழுதேன்?" எக்கா, சிரிக்காவளா, இல்ல பல்லக் கடிக்காவளா? சிரிக்க மாதிரியும் இருக்கு...

"ஏ, சுடலமாடத்தி! இங்க வா!" அவிய குரலு. "அக்கோவ்! எங்க போயிட்ட?" இவன் குரலு. ஒரே நேரத்துல, ஒரே ராகத்துல! கலியாணம் நடக்கும்க்கா. கட்டாயம் நடக்கும். நான் உயிரோட இருப்பனாங்கதுதான் தெரியல.

இந்தப் பக்கத்து வாசல் ரோட்டுக்குப் போகுமா? போகும், என்ன? வாராவ, வாராவ, தோளோட தோள் சேத்துக்கிட்டு வாராவ, கட்டுப்போட்ட கைய ஓங்கிக்கிட்டு! எக்கா, நீங்க கொஞ்சம் எந்திரிச்சு இப்பிடி நில்லுங்க, உங்க சேல என்ன மறைக்கட்டும். ஆமா, அப்பிடித்தான். கேட்டாவன்னா இங்க அப்பிடி ஒரு பொம்பளையே இல்லன்னுருங்க. இல்ல, இல்ல... கலியாணப் பத்திரிக மிச்சத்தக் குடுக்கப் போயிட்டான்னு சொல்லுங்க. தாய்மாமன் பேர அதுல எப்பமோ அச்சடிச்சாச்சுன்னும் சொல்லிருங்க... வாரேன்!